கேத்தியிலிருந்து கேதாரம்

முதன்முறையாகக் கேதார்நாத்துக்கோ அமர்நாத்துக்கோ புறப்படும் கேத்திக்காரர்களிடம் ஒரு தைரியம் இருக்கும். பிறந்ததிலிருந்து மலையில்தான் இருக்கிறோம், ஏற்றம் புதிதில்லை, குளிர் புதிதில்லை, பயப்பட வேண்டியவர்கள் சமவெளிக்காரர்கள்தான் என்று. கால்களைப் பொறுத்தவரை அந்தத் தைரியம் நியாயமானது. கொழுந்து மூட்டையோடு தேயிலைச் சரிவில் ஏறி இறங்கியவர்களுக்கும், பாலாடாவின் கேரட் தோட்டங்களில் நாளெல்லாம் உழைப்பவர்களுக்கும், ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு வெள்ளை உடுத்திப் பேரகணிக்கு நடந்தே போகும் படுகர் குடும்பங்களுக்கும் பதினாறு கிலோமீட்டர் ஏற்றம் மலைப்பைத் தராது. ஜனவரி உறைபனியில் விடியற்காலை எழுந்து பழகியவர்களுக்குக் குளிரைச் சமாளிக்கவும் தெரியும். அதே தைரியத்தை நுரையீரலுக்கும் மூளைக்கும் சேர்த்து வைத்துக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது.

கேத்தி கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. இமயத் தலங்களுக்கான நடைபாதைகள் எந்த உயரத்தில் தொடங்குகின்றன என்று பாருங்கள். கேதார்நாத்துக்கு நடக்கத் தொடங்கும் கௌரிகுண்ட் ஏறக்குறைய 1,980 மீட்டர். சம்பந்தர் பாடிய அனேகதங்காவதம் இந்த இடம்தான் என்று கருதுவோர் உண்டு. அமர்நாத்தின் பழைய வழி தொடங்கும் பஹல்காம் 2,100 மீட்டரைத் தாண்டிய ஊர். நேபாளத்தில் கோசாயிகுண்டம் என்னும் சிவத்தலத்து ஏரிக்கு ஏறுகிறவர்கள் புறப்படும் துஞ்சே சுமார் 2,000 மீட்டர். மூன்றுமே கேத்தியின் உயரம். யாத்திரையின் வாசற்படி இருக்கும் உயரத்தில்தான் நாம் வீடு கட்டி வாழ்கிறோம். அந்தப் படிக்கு மேலே வைக்கும் ஒவ்வொரு அடியும் கேத்தி உடம்புக்கும் புதிதுதான். தொட்டபெட்டா உச்சிகூட 2,637 மீட்டர்தான். அங்கேயும் போன கையோடு இறங்கிவிடுகிறோம். உயரத்தால் வரும் நோய்கள் தலைகாட்டும் எல்லையாக மருத்துவர்கள் பொதுவாகக் குறிப்பது 2,500 மீட்டர். கேத்தி அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றுவிடுகிறது.

உயரம் உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மேலே போனால் காற்றில் ஆக்சிஜன் குறைவு என்று பொதுவாகச் சொல்கிறோம். காற்றில் அதன் பங்கு மெரினாவிலும் கயிலையிலும் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். அழுத்தம் குறைந்தால் ஒரே அளவு மூச்சில் உள்ளே வரும் ஆக்சிஜனும் குறையும். கடற்கரையில் இருப்பதை நூறு என்று வைத்துக்கொண்டால் கேத்தியில் ஏறக்குறைய 78, கேதார்நாத்தில் (3,583 மீட்டர்) 65, அமர்நாத் குகையில் (3,888 மீட்டர்) 63 அளவில் இருக்கும். கயிலை வலத்தின் உச்சியான டோல்மா லா கணவாயில் (5,630 மீட்டர்) பாதிதான். இந்த அழுத்தக் குறைவு நம் சமையலறைக்கே தெரியும். கேத்தியில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால்தான் குக்கர் இல்லாமல் பருப்பு வேக அவ்வளவு நேரம் பிடிக்கிறது. கேதார்நாத்தில் அது 88 டிகிரியில் கொதிக்கும்.

கேத்திக்கும் கேதாரத்துக்கும் இடையே குறைவது பதின்மூன்று பங்குதானே, சென்னையிலிருந்து கேத்திக்கு வந்தபோது இருபத்திரண்டு பங்கு குறைந்தும் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்கலாம். மிக நல்ல கேள்வி. விடை இரத்தத்தில் இருக்கிறது. ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அழுத்தம் ஓரளவுக்குக் குறையும் வரை அது தன் சுமையை விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொள்கிறது. கேத்தியில் ஆரோக்கியமான ஒருவரின் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் 94, 95, 96 என்று காட்டும். கடற்கரையில் 97, 98 காட்டியிருக்கும். இருபத்திரண்டு பங்கு அழுத்தம் போயும் இழப்பு அவ்வளவுதான். ஆனால் ஓர் எல்லையைத் தாண்டியதும் அந்தப் பிடி சட்டென்று தளர்கிறது. சமதளத்தில் நடந்து வந்தவர் தெரியாமல் பள்ளத்தாக்கின் விளிம்பில் கால் வைத்தது போலத்தான். கேதார்நாத்துக்குப் போய்ச் சேர்ந்த முதல் நாளில் ஒருவரின் அளவு 90க்குக் கீழே போய்விடுவது சாதாரணம். கேத்தியில் நாம் நிற்பது அந்த விளிம்புக்குச் சற்று முன்னால். சரிவு தொடங்குவது நம் ஊருக்கு மேலேதான்.

ஆக்சிஜன் குறைந்ததைக் கழுத்துத் தமனிகளை ஒட்டியிருக்கும் சிறு உணரிகள் முதலில் கண்டுகொள்கின்றன. உடனே மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் மாறுகிறது. இதுதான் உடம்பு எடுக்கும் முதல் தற்காப்பு. அதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. வேகமாக மூச்சுவிட்டால் கரியமிலவாயு அதிகம் வெளியேறி இரத்தத்தில் காரத்தன்மை கூடுகிறது. காரம் கூடினால் மூச்சைக் குறை என்று மூளை கட்டளையிடுகிறது. அதிகம் வேண்டும் என்று ஓர் உணரியும், போதும் என்று இன்னொன்றும் இழுத்துக்கொள்ளும் நிலை. விழித்திருக்கும்போது எப்படியோ சமாளித்துவிடுகிறோம். உறக்கத்தில் மூச்சு சில விநாடிகள் நின்று, பிறகு திடுக்கிட்டு வேகமாகத் தொடர்கிறது. இரவெல்லாம் விழிப்பு, விடிந்தால் தலைவலி. இந்த இழுபறியைத் தீர்த்து வைப்பவை சிறுநீரகங்கள். கூடுதல் காரத்தைப் பைகார்பனேட்டாகச் சிறுநீரில் வெளியேற்றி மூச்சுக்கு வழிவிடுகின்றன. மலையில் அடிக்கடி சிறுநீர் வருவது அந்த வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். அதற்குச் சில நாட்கள் தேவை. அந்த நாட்களைக் கொடுப்பதுதான் உயர மலை யாத்திரைக்கான தயாரிப்பு. மற்றதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

நாட்களைக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு யாத்ரீகர்களே சாட்சி. ஆவணி அவிட்டப் பௌர்ணமியில் நேபாள இந்துக்கள் ஆயிரக்கணக்கில் கோசாயிகுண்டத்துக்கு ஏறுகிறார்கள். துஞ்சேயிலிருந்து, அதாவது கேத்தியின் உயரத்திலிருந்து, ஓரிரு நாட்களில் 4,300 மீட்டருக்கு. நேபாள மருத்துவர் புத்த பாஸ்னியத்தும் அவரது குழுவினரும் அங்கே 228 யாத்ரீகர்களை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினருக்கு உயர மலை நோய் இருந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் மூளை வீக்கத்தின் அறிகுறிகளோடு தள்ளாடிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் மலைநாட்டு மக்கள், நடக்கத் தெரிந்தவர்கள். பக்தியும் பழக்கமும் இருந்தும், வேகம் அவர்களை வீழ்த்தியது. உயர மலையைப் பற்றி நான் படித்தவற்றில் நம் ஊர்க்காரர்களுக்கு இதைவிட நேரான எச்சரிக்கை வேறில்லை.

உயர மலை நோயின் முதல் முகம் தலைவலி. கூடவே பசியின்மை, குமட்டல், அசதி, தலைச்சுற்றல். பெரும்பாலும் உயரத்துக்குப் போய்ச் சேர்ந்த ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கும். இது மட்டும் இருந்தால் அங்கேயே தங்கி ஓய்வெடுத்தால் ஓரிரு நாளில் சரியாகிவிடும். அலட்சியம் செய்து மேலே ஏறினால் மூளையில் நீர் கோத்து வீங்கலாம், அல்லது நுரையீரலில் நீர் கோக்கலாம். இரண்டும் உயிரைப் பறிப்பவை. சீனப் போருக்குப் பிறகு நம் இராணுவம் வீரர்களைச் சமவெளியிலிருந்து நேரே இமயத்துக்குக் கொண்டுபோனபோது இந்த நோய்கள் பெருமளவில் தெரிய வந்தன. இந்திய இராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் சக மருத்துவர்களும் 1,925 வீரர்களைக் கவனித்து 1969இல் எழுதிய கட்டுரை இன்றுவரை உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. அந்த வீரர்களை யாரும் உடல் வலுவற்றவர்கள் என்று சொல்ல முடியாது. தசை பலத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை. இன்னும் சொன்னால், பலசாலி சீக்கிரம் ஏறிவிடுவதாலேயே சீக்கிரம் மாட்டிக்கொள்கிறார்.

அப்படியானால் மலையில் வாழ்வதால் பயனே இல்லையா? இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மலை விடுதிகளுக்கு வந்தவர்களை ஆராய்ந்த முடிவுகள் 1993இல் வெளியாயின. நான்கில் ஒருவருக்கு மலை நோய் வந்தது. நோய் வந்தவர்களில் 3,000 அடிக்குக் கீழே வசிப்பவர்களே மிகுதி. 6,500 அடிக்கு மேல் வாழும் நமக்கு இது நல்ல செய்திதான். ஆனால் அந்த முன்தொகையை நாம் வழியிலேயே செலவழித்துவிடுகிறோம். வழக்கமான பயணத் திட்டம் எப்படி இருக்கும்? குன்னூர், மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இறங்கி, ரயிலில் தில்லி போய், காசி, பிரயாக்ராஜ், ஹரித்வார் என்று ஒரு வாரம் சமவெளியிலேயே சுற்றி, பிறகு ஒரே மூச்சில் இமயம். உயரத்துக்குப் பழகிய உடம்பு சமவெளிக்கு இறங்கிய சில நாட்களிலேயே அந்தப் பழக்கத்தை விடத் தொடங்குகிறது. சில வாரங்களில் பெரும்பகுதி போய்விடும். கௌரிகுண்டில் போய் நிற்கும்போது நாம் பாதி கேத்திக்காரர், பாதி கோயம்புத்தூர்க்காரர்.

அதனால் கேத்தியிலிருந்தும் குன்னூரிலிருந்தும் போகிறவர்களுக்கு என் யோசனை இது: மலைத் தலங்களை முதலில் வைத்துக்கொள்ளுங்கள், காசியும் ஹரித்வாரும் திரும்பும் வழியில். கங்கையில் மூழ்கிவிட்டுத்தான் மலையேற வேண்டும் என்று நினைப்பவர்கள் ஒரே ஒரு இரவோடு சமவெளியை முடித்துக்கொள்ளலாம். நான்கு தலங்களுக்கும் போகிறவர்கள் யமுனோத்திரி, கங்கோத்திரி, கேதாரம், பத்ரி என்ற மரபு வரிசையை மாற்ற வேண்டாம். கேதாரத்தில் இரவு தங்குமுன் மலையில் பல நாட்கள் கிடைக்கின்றன. ஹர்சில் போன்ற 2,500 மீட்டரைத் தாண்டிய ஊரில் ஓரிரவு படுத்தால் இன்னும் நல்லது.

படுப்பது என்ற சொல்லை இங்கே வேண்டுமென்றே எழுதுகிறேன். பகலில் எவ்வளவு உயரம் போனோம் என்பதைவிட இரவில் எந்த உயரத்தில் உறங்குகிறோம் என்பதே முக்கியம். 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, உறங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டாம் இரவும் தங்க வேண்டும். மலை மருத்துவர்கள் ஒத்துக்கொண்ட கணக்கு இது. கௌரிகுண்டிலிருந்து ஒரே நாளில் ஏறிக் கேதாரத்தில் படுத்தால் 1,600 மீட்டர் கூடுகிறது. வழியில் பீம்பலி, லிஞ்சோலி முகாம்கள் இருக்கின்றன. ஓர் இரவை அங்கே கழிப்பவர் மறுநாள் கோயில் வாசலில் தலைவலியில்லாமல் நிற்க வாய்ப்பு அதிகம்.

வேகம் இனிமேல் இன்னும் கூடும். சோன்பிரயாகிலிருந்து கேதார்நாத்துக்கு 12.9 கிலோமீட்டர் ரோப்காருக்கு மத்திய அமைச்சரவை 2025 மார்ச்சில் ஒப்புதல் கொடுத்திருக்கிறது. எட்டொன்பது மணி நேர ஏற்றம் 36 நிமிடமாகிவிடும். முதியோருக்கு அது பெரிய வரம். உடம்புக்குக் கிடைக்க வேண்டிய அவகாசம் மட்டும் அதில் கிடைக்காது. ஹெலிகாப்டரில் போய் தரிசனம் முடித்துச் சில மணி நேரத்தில் இறங்கிவிடுகிறவருக்கு மலை நோய் தொடங்கும் முன்பே கீழே வந்துவிட வாய்ப்பு உண்டு. ஹெலிகாப்டரில் போய் அங்கேயே இரவு தங்குவதுதான் எல்லாவற்றிலும் மோசமான ஏற்பாடு. 1975இல் எவரெஸ்ட் பாதையில் பெரிச்சே என்ற இடத்தில் 278 பேரை ஆராய்ந்தபோது பாதிக்கு மேற்பட்டோருக்கு மலை நோய் இருந்தது. நடந்து வந்தவர்களைவிட, லுக்லா வரை விமானத்தில் வந்து இறங்கியவர்களுக்கு அதிகம். நம் வைணவர்கள் விரும்பிப் போகும் நேபாளத்து முக்திநாத்திலும் இதே கணக்குதான். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமமான அந்தத் தலம் சுமார் 3,750 மீட்டர். பொக்காராவிலிருந்து விமானத்தில் ஜோம்சோம் இறங்கி, ஜீப்பில் ஏறி, 108 தாரைகளில் நனைந்துவிட்டு அன்றே ஜோம்சோமுக்கு இறங்கிப் படுப்பதுதான் பாதுகாப்பு.

கயிலை வேறு வகை. மானசரோவரே சுமார் 4,600 மீட்டர். 52 கிலோமீட்டர் வலத்தில் டோல்மா லாவைக் கடக்க வேண்டும். ஐந்தாண்டு இடைவெளிக்குப் பிறகு 2025இல் மீண்டும் தொடங்கிய அரசு யாத்திரையில் 18 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டுமே அனுமதி; உடல் நிறை எண் 25ஐத் தாண்டக் கூடாது. தில்லியில் ஒருமுறையும், போகும் வழியில் மலையில் ஒருமுறையும் மருத்துவப் பரிசோதனை உண்டு. அமர்நாத்திலும் 2012இல் இறப்புகள் பெருகி உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து கேள்வி கேட்ட பிறகு கட்டுப்பாடு இறுகியது. மருத்துவச் சான்று கட்டாயம். 13 வயதுக்குக் குறைந்தோருக்கும், 70 வயதைத் தாண்டியோருக்கும், ஆறு வாரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளுக்கும் அனுமதி இல்லை. தெரிந்த மருத்துவரிடம் பார்க்காமலே கையெழுத்து வாங்கும் பழக்கம் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள், அந்தத் தாள் உங்களைக் காப்பதற்காகவே இருக்கிறது.

மலையில் இறப்பவர்களில் பலரைக் கொல்வது இதயம். வெள்ளியங்கிரி கேத்தியைவிடத் தாழ்வானது. உயர மலை நோய்க்கு அங்கே இடமில்லை. ஆனாலும் 2024இல் அங்கே ஏறியவர்களில் பலர் இறந்தார்கள். இதய நோய், மூச்சுத் திணறல் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை கேட்டுக்கொண்டது. ஆகவே வெள்ளியங்கிரி ஏழு மலையையும் ஏறிவிட்டேன் என்பது காலுக்கும் இதயத்துக்குமான நல்ல தேர்ச்சி; அதை உயரத்துக்கான தேர்ச்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 45 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள், புகைப்பவர்கள் பணம் கட்டும் முன்பே இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பெண்கள் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். சுமப்பதே குறைவாக இருந்தால் மேலே இரண்டு மடங்கு கஷ்டம். இரத்தசோகை தெரிய வந்தால் இரும்புச்சத்து மாத்திரை பலன் தர இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பதால் இதை முதலில் செய்ய வேண்டும். அந்த மாதங்களில் வாரத்துக்கு நான்கு நாள் எல்லநள்ளி, அதிகரட்டி ஏற்றங்களில் ஒரு மணி நேரம் நடந்தால் போதும். நடந்துகொண்டே பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். இறக்கத்திலும் பழகுங்கள், முழங்கால் வலி வருவது திரும்பும்போதுதான்.

டயாமாக்ஸ் என்ற பெயரில் அசெட்டசோலமைடு மாத்திரை எல்லா யாத்திரைக் குழுக்களிலும் கைமாறுகிறது. சிறுநீரகம் சில நாட்களில் செய்யும் வேலையை அது விரைவுபடுத்துகிறது. தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. விரல் நுனிகள் மரத்துப்போகும், சிறுநீர் அதிகம் போகும். சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது. கற்பூரத்தை முகர்ந்தால் ஆக்சிஜன் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். மூக்கில் குளிர்ச்சி தெரியும். இரத்தத்தில் ஒன்றும் கூடாது. கையடக்க ஆக்சிஜன் கேன் சில நிமிட ஆறுதல்தான். விரதமிருந்து ஏறுவதை ஊரோடு முடித்துக்கொள்ளுங்கள். மேலே சோறும் கஞ்சியும் வெல்லமும் உடம்புக்கு வேண்டும். தூக்க மாத்திரையும் மதுவும் மூச்சை அடக்குபவை. சுனையிலும் ஏரியிலும் முழுகித்தான் ஆக வேண்டும் என்றில்லை. தலையில் தெளித்துக்கொள்வதும் தீர்த்தமே.

குழுவில் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. நேர்கோட்டில், ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டவைத்துப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை வீங்குகிறது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் விடாமல் வந்தால் நுரையீரல். இரண்டுக்கும் ஒரே முதல் மருந்து, இறங்குவது. விடியட்டும் என்று காத்திருக்காமல், ஆக்சிஜன் இருந்தால் கொடுத்துக்கொண்டே, துணையோடு, குதிரையிலோ டோலியிலோ உடனே குறைந்தது 300 மீட்டராவது இறக்க வேண்டும். தெளிவு வரும்வரை இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

இவ்வளவு தூரம் வந்து தரிசனம் இல்லாமல் திரும்புவதா என்ற தயக்கம்தான் பலரை அங்கேயே உட்கார வைக்கிறது. சம்பந்தரும் சுந்தரரும் கேதாரத்தைப் பாடியது காளத்தியிலிருந்து என்கிறது பெரியபுராணம். கயிலைக்கு நடந்தும் தவழ்ந்தும் உருண்டும் போன அப்பரை இறைவனே தடுத்து, திருவையாற்றில் கயிலைக் காட்சி கொடுத்ததாகவும் அதுவே சொல்கிறது. பாதியில் திரும்பியவர் குறைந்த பக்தர் என்று நம் மரபு ஒருபோதும் சொல்லவில்லை. இதைக் கிளம்பும் முன்பே, ஊரில் வைத்தே, குழுவில் எல்லோரும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். மேலே போன பிறகு தெளிவாக யோசிக்க வேண்டிய மூளைக்கே ஆக்சிஜன் குறைந்திருக்கும்.

முன்பணம் கட்டும்போது சாப்பாடு சைவமா, வெந்நீர் கிடைக்குமா என்று கேட்கிறோம். கூடவே இதையும் கேளுங்கள்: ஒவ்வோர் இரவும் எத்தனை மீட்டர் உயரத்தில் படுக்கப் போகிறோம்? பதிலை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். 3,000 மீட்டருக்கு மேல் இரண்டு இரவுகளுக்கு இடையே 500 மீட்டருக்கு மேல் தாவல் இருந்தால், இன்னும் ஓர் இரவு சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க முடியாது என்று சொல்லும் ஏற்பாட்டாளரை விட்டுவிட்டு வேறொருவரைப் பாருங்கள்.